கோபுரம் கிழக்குப் பார்க்கும், பேராலயம் மேற்குப் பார்க்கும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஐரோப்பா போய்வரும் நம்மவர் அனுப்பும் பயணப் படங்களைத் தங்கள் ஞாயிறு இதழ் தொடர்ந்து வெளியிடுகிறது. நல்ல காரியம். ஆனால் அந்தப் படங்களில் ஒரு குறை திரும்பத் திரும்ப வருகிறது. தேவாலயத்தின் முகப்பு அடுப்புக்கரி மாதிரிக் கறுத்திருக்கும். பின்னால் வானம் வெளுத்துப்போய் இருக்கும். முன்னால் நிற்கும் அம்மாவின் சேலை என்ன நிறம் என்றுகூடத் தெரியாது. கமெரா போதாது என்று எண்ணி அடுத்தமுறை விலைகூடிய போன் வாங்கிக்கொண்டு போகிறார்கள். போனில் பிழையில்லை. போன நேரம் பிழை.

எங்கள் கோயில்களில் பெரும்பாலானவை கிழக்கு வாசல். நல்லூரில் விடிய ஆறரை மணிக்குப் போய் நின்றால் கிழக்குக் கோபுரத்தில் வெயில் நேரே விழும். சுதைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். அந்தப் பழக்கத்தில்தான் "வெள்ளன எழும்பிப் போ, சனமும் இராது, வெளிச்சமும் நல்லம்" என்று சொல்லி அனுப்புகிறோம். ஐரோப்பாவின் மத்தியகாலத் தேவாலயங்கள் பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். பலிபீடம் கிழக்கில் இருக்கும், வழிபடுவோர் கிழக்கு நோக்கி நிற்பார்கள். ஆகவே பெரிய வாசலும் கோபுரங்களும் மேற்கில். காலை பத்து மணிக்கு அந்த வாசலுக்கு முன்னால் நிற்பவருக்குச் சூரியன் கட்டடத்தின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. பாரிஸ் நோத்ர டாம், ஜேர்மனியின் கொலோன் பேராலயம், மிலான் பேராலயம், வெனிசின் சென் மார்க், லண்டன் சென் போல்ஸ் எல்லாவற்றுக்கும் இதுதான் கதை. முகப்பை எடுக்கப் பின்னேரம் போங்கள். சனம் கூட இருக்கும், உண்மைதான். சனத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், கறுத்த முகப்பை ஒன்றும் செய்ய ஏலாது.

விதிவிலக்குகளும் உண்டு, அவற்றில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். வத்திக்கானின் புனித பேதுரு பேராலயம் கிழக்குப் பார்த்தது. அதற்கு நல்லூர் நேரமே சரி. பின்னேரம் போனால் கவிகை மாடம் நிழலுருவாகத்தான் வரும். பார்சலோனாவின் சக்ராடா பமீலியா தேவாலயம் எந்த மரபுக்கும் கட்டுப்படவில்லை. இயேசுவின் பிறப்பைக் காட்டும் முகப்பு வடகிழக்கில், அவர் பட்ட பாடுகளைக் காட்டும் முகப்பு தென்மேற்கில். காலையில் ஒன்று, பின்னேரம் மற்றது. ஏதென்சில் பழைய கிரேக்கக் கோயிலான பார்த்தெனனின் வாசல் கிழக்கில் இருக்கிறது, ஆனால் ஏறிவரும் வழி மேற்கில் இருப்பதால் கண்ணில் முதலில் படுவது கட்டடத்தின் பின்புறம். அதையே முன்புறம் என்று நினைத்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்புவோர் கனபேர். கொலோனில் ஒரே கோயிலுக்கு இரண்டு நேரம் உண்டு. ரைன் ஆற்றுக்கு அப்பால் டொய்ற்ஸ் கரையில் நின்றால் தெரிவது கிழக்குப் பக்கம். அதற்குக் காலை வெயில் வேண்டும். அதே கரையில் பொழுதுபட்ட பிறகு நின்றால் பாலத்தின் வளைவுகளும் விளக்குகளும் கோபுரங்களும் நீலவானத்தில் சேர்ந்து வரும்.

நேரம் என்றதும் எங்கள் கடிகாரத்தை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. யாழ்ப்பாணத்தில் உச்சிவெயில் 12 மணியை ஒட்டி வரும். பாரிசில் கோடையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி வைத்திருப்பார்கள். அதனால் சூரியன் உச்சிக்கு வரும்போது ஏறத்தாழ 1.50 ஆகிவிடும். ஸ்பெயினின் கிரனாடாவில் இன்னும் பிந்தி, 2.15 அளவில். மத்தியானம் 12 மணி என்பது அங்கே இன்னும் காலைதான். நோத்ர டாமின் முகப்பு மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கிறது. ஜூன், ஜூலையில் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகுதான் சிற்பங்கள் உருண்டு திரண்டு தெரியும். அவசரம் வேண்டாம், பொழுதுபட இரவு பத்து மணியாகும்.

மாரிகாலத்தில் கதை வேறு. டிசம்பரில் பாரிசில் ஐந்து மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். உச்சியில் நிற்கும்போதே தொடுவானத்திலிருந்து 18 பாகைதான் உயரம். அதாவது 10 மீற்றர் உயரமான வீடு 30 மீற்றருக்கு மேல் நிழல் விழுத்தும். பழைய நகரங்களின் ஒழுங்கைகள் அகலம் குறைந்தவை. அவற்றில் பலவற்றில் வெயில் நாள் முழுக்க நிலத்தைத் தொடாது. மறையும் திசையும் மாறும். எங்கள் ஊரில் சூரியன் நேர்மேற்கிலிருந்து 24 பாகைக்கு மேல் விலகாது. பாரிசில் 37 பாகை விலகும்: ஜூனில் வடமேற்கில், டிசம்பரில் தென்மேற்கில். ஆகவே அண்ணா ஜூலையில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, நத்தாருக்குப் போகும் தம்பி அதே இடத்தில், அதே நேரத்தில் நின்று பயனில்லை. சூரியன் எந்த நாளில் எங்கே நிற்கும் என்று வரைபடத்தில் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ரிக்கற் பதியமுன் பார்க்கவேண்டியது அதை.

ரிக்கற் என்றது சும்மா இல்லை. இப்போது பெரிய இடங்கள் பலவற்றில் நுழையும் மணி ரிக்கற்றிலேயே அச்சாகி வரும். பார்த்தெனன் நிற்கும் அக்ரோபொலிஸ் குன்றுக்கு 2023 செப்ரெம்பரில் இருந்து நாளொன்றுக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்து மணிவாரியாக விடுகிறார்கள். கிரனாடாவின் அல்ஹம்ப்ரா கோட்டை வளாகத்தில் நஸ்ரிட் அரண்மனைக்கென்று தனி நேரம் குறித்திருக்கும். அதைத் தவறவிட்டால் தோட்டத்தையும் கோட்டையையும் பார்க்கலாம், அரண்மனைக்குள் விடமாட்டார்கள். வெளிச்சம் எப்போது நல்லது என்று பார்த்து அந்த மணியை வாங்கவேண்டும். அங்கே இருக்கும் பிள்ளைகள் வேலை முடிந்து வசதிப்பட்ட மணியை வாங்கிவைத்தால், படம் அந்த மணிக்குத் தக்கபடிதான் வரும்.

பெயர் விடயத்தில் நம்மவருக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ரோமின் கொலோசியம், அல்ஹம்ப்ரா ரிக்கற்றுகளில் ஆளின் பெயர் இருக்கும். வாசலில் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். எங்கள் கடவுச்சீட்டில் தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும் இருபது முப்பது எழுத்தில் நீண்டு கிடக்கும். மருமகன் இணையத்தில் பதியும்போது "க. மாமா" என்கிற அளவில் முதலெழுத்தோடு சுருக்கிவிடுவார், அல்லது வீட்டுப் பெயரைப் போட்டுவிடுவார். வாசலில் நின்று "அது நான்தான்" என்று தமிழில் விளங்கப்படுத்த முடியாது. கடவுச்சீட்டுப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பி, எழுத்துக்கு எழுத்து அதே ஒழுங்கில் பதியச் சொல்லுங்கள். இன்னொன்று: பிரான்சில் லூவ்ர் போன்ற அரச அருங்காட்சியகங்களும் நினைவுச்சின்னங்களும் 18 வயதுக்கு உட்பட்ட எல்லோருக்கும் இலவசம். 26 வயதுக்கு உட்பட்டோர் சலுகை ஐரோப்பியப் பொருளாதார வலய நாடுகளில் வதிவோருக்கு மட்டும். இங்கிருந்து போகும் 22 வயதுப் பிள்ளைக்கு அதில் பதிந்தால் வாசலில் திருப்பிவிடுவார்கள்.

பல ரிக்கற்றுகளுக்குக் காசு திரும்பக் கிடைக்காது என்பதால் விசா கைக்கு வரமுன் வாங்காதீர்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான செங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம். முடிவு வழமையாக 15 நாளில், இழுபட்டால் 45 நாள் வரை. மூடும் நாட்கள்: லூவ்ர் செவ்வாய், வெர்சாய் அரண்மனை திங்கள், வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர்ந்த ஞாயிறுகள்.

இனி, கோபுரம் சாய்ந்து விழுகிற மாதிரி வரும் படங்கள். கிட்ட நின்று போனை மேல்நோக்கிச் சரித்தால், கோபுரத்தின் அடி கமெராவுக்குக் கிட்டவும் நுனி தூரவும் ஆகிவிடும். தூரத்தில் இருப்பது சிறுக்கும்; அதனால் இரண்டு பக்கச் சுவரும் மேலே போகப்போக ஒன்றையொன்று நோக்கிச் சாயும். போனைச் சரிக்காமல் நிமிர்த்திப் பிடித்தால் சுவர் நேராக நிற்கும், ஆனால் நுனி வெட்டுப்படும். வழி ஒன்றுதான், பின்னுக்குப் போவது. எவ்வளவு தூரம்? போனை நிலைக்குத்தாகப் பிடித்து, சாதாரணக் கண்ணால் (1x லென்ஸ்) எடுத்தால், கட்டடத்தின் உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அகலக் கண்ணால் (0.5x லென்ஸ்) எடுத்தால் முக்கால் மடங்கு. நோத்ர டாமின் இரட்டைக் கோபுரம் 69 மீற்றர்; சாதாரணக் கண்ணுக்கு 105 மீற்றர் தள்ளி நிற்கவேண்டும். கொலோன் 157 மீற்றர். அதற்கு 235 மீற்றர். அவ்வளவு தூரம் அந்த முன்றலில் இல்லை, கட்டடங்கள் மறித்துவிடும். அகலக் கண்ணுக்குக்கூட 120 மீற்றர் கேட்கும். அதனால்தான் கொலோனை ஆற்றுக்கு அக்கரையிலிருந்து எடுக்கிறார்கள்.

இப்படி எடுத்தால் படத்தின் கீழ்ப்பாதி முழுக்க நிலமாக இருக்கும். பிறகு வெட்டிக்கொள்ளலாம். பின்னுக்குப் போக இடமே இல்லாவிட்டால் சரித்து எடுத்துவிட்டுப் போனிலேயே நிமிர்த்தலாம்; ஆனால் நிமிர்த்தும்போது பக்கவாட்டில் இருப்பது வெட்டுப்படும். எடுக்கும்போதே இரண்டு பக்கமும் ஐந்தில் ஒரு பங்கு இடம் விட்டு எடுங்கள். ஆள் ஒருவர் ஓரத்தில் நின்றால் அவர் பாதியாகிவிடுவார், நடுவில் நிறுத்துங்கள். பழகிப் பார்க்க எங்கள் மணிக்கூட்டுக் கோபுரமே போதும். திரையில் கட்டக்கோடுகளைத் தெரியவைத்து, சுவர் கோட்டோடு ஒட்டி நிற்கும் வரை பின்னுக்கு நடந்து பாருங்கள். பத்து நிமிடத்தில் கை பழகிவிடும்.

உள்ளே போனால் இருட்டு. முதல் வேலை பிளாஷை முற்றாக நிறுத்திவைப்பது. "தானாக" என்று விட்டால் நுழைந்தவுடன் அது மின்னும், காவலர் வருவார். தடையை விடுங்கள், பயனும் இல்லை. போனின் பிளாஷ் மூன்று நான்கு மீற்றருக்கு மேல் எட்டாது. முப்பது மீற்றர் உயர விதானத்தை அது என்ன செய்யும்? முன்னால் நிற்பவரின் தலை வெளுக்கும், மிச்சம் எல்லாம் கறுக்கும்.

வண்ணக் கண்ணாடி யன்னல்கள்தான் உள்ளே சோதனை. பாரிசின் செயின்ற் சப்பேல் 1248 இல் அர்ச்சிக்கப்பட்டது. 15 யன்னல்கள், அவற்றில் 1,113 காட்சிகள். தூணுக்கு ஏற்றபடி போன் வெளிச்சத்தை எடுத்துக்கொண்டால் யன்னல் வெறும் வெள்ளைத் துண்டாகிவிடும், விவிலியக் கதை முழுவதும் போய்விடும். செய்யவேண்டியது இது: திரையில் கண்ணாடியின் நடுத்தரமான நிறமொன்றில், நீலமோ சிவப்போ, விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். வெளிச்ச அளவு பூட்டப்படும். பக்கத்தில் சூரியன் போல ஒரு குறி வரும். அதைக் குறையும் பக்கம் இழுங்கள். தூண்கள் இருளும், இருளட்டும். நிறம் தடிக்கும் இடத்தில் நிறுத்தி எடுங்கள். கமெரா வைத்திருப்போர் ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளியுணர் அளவை 1600 இல் தொடங்கி, ஷட்டர் 1/60 செக்கனைவிட மெதுவாகாமல் பார்த்துக்கொண்டு, தேவைக்கு 3200 அல்லது 6400 வரை ஏற்றலாம். கொஞ்சம் மணல்மணலாக வரும். கை நடுங்கிக் கலங்கிய படத்தைவிட மணல்மணலான படம் மேல்.

சக்ராடா பமீலியாவில் கிழக்குப் பக்கக் கண்ணாடிகள் நீலமும் பச்சையும், மேற்குப் பக்கம் செம்மஞ்சளும் சிவப்பும். காலையில் உள்ளே கடலுக்கடியில் நிற்கிற மாதிரி, பின்னேரம் தணல். எந்த நிறம் வேண்டும் என்று முடிவுசெய்து அந்த மணிக்கு ரிக்கற் எடுங்கள். முகில் மூடிய நாளில் இரண்டும் இல்லை.

முக்காலி பெரும்பாலான இடங்களில் உள்ளே விடமாட்டார்கள். சனம் தடக்கும், பழைய தளக்கல் கீறுபடும். தூணில் தோளைச் சாய்த்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டு முடித்தபிறகு அழுத்துங்கள். இரவில் வெளியே பாலக்கட்டில் வைத்து எடுக்க ஒரு சிறிய துணிப்பையை வெறுமையாகக் கொண்டுபோய், பாரிசின் லா சப்பேல் பகுதியில் எங்கள் ஆக்களின் கடையில் அரைக் கிலோ பருப்பு வாங்கி நிரப்பினால் போதும். போனோ கமெராவோ அதில் குந்தினால் அசையாது. பயணம் முடிய மகள் வீட்டில் கறி வைக்கலாம். மெழுகுதிரி வைக்கும் மேடையையும் பலிபீடப் படியையும் தாங்கலாகப் பாவிக்காதீர்கள்.

கமெராவைப் பைக்குள் வைக்கவேண்டிய இடங்களும் உண்டு: வத்திக்கானின் சிஸ்ரைன் சிற்றாலயம், லண்டன் கோபுரத்தின் முடியாபரண மண்டபம், ஜேர்மனியின் நொய்ஷ்வான்ஸ்ரைன் கோட்டையின் உட்புறம். மூலஸ்தானத்தைப் படம் எடுக்காத நாங்கள் இதை விளங்கிக்கொள்ளக் கஷ்டப்படத் தேவையில்லை. உடுப்பும் அப்படித்தான். நல்லூரில் மேற்சட்டையைக் கழற்றவேண்டும், ரோமில் தோளையும் முழங்காலையும் மூடவேண்டும். சேலைக்குப் பிரச்சினையில்லை; அரைக்காற்சட்டையோடு போகும் பேரப்பிள்ளைகள்தான் வாசலில் நிற்கவேண்டி வரும்.

மேலே ஏறிப் படம் எடுக்க ஆசைப்படும் மூத்தவர்கள் படிகளை முதலில் எண்ணவும். கொலோன் தென்கோபுரம் 533 படி, மின்தூக்கி இல்லை. புளோரன்ஸ் பேராலயக் கவிகை மாடம் 463 படி, அதற்கும் இல்லை. புனித பேதுருவில் 551. மின்தூக்கியில் போனாலும் 320 படி நடக்கவேண்டும், அதுவும் சுவர் சாய்ந்து ஒருவர் மட்டும் போகும் வழி. நடுவழியில் திரும்பி இறங்கலாம் என்று நினைக்கவேண்டாம்.

நெதர்லாந்துப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு சொல். ஒல்லாந்தர் எங்கள் ஐங்கோணக் கோட்டையைக் கட்டிய கலை அங்கே நார்டன் நகரில் ஆறு கொத்தளங்களோடும் இரட்டை அகழியோடும் அப்படியே இருக்கிறது. நிலத்தில் நின்றால் நட்சத்திர வடிவம் தெரியாது, யாழ்ப்பாணக் கோட்டையிலும் தெரியாதது போலவே. உடனே ட்ரோனை நினைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் கமெரா பூட்டிய ட்ரோன் 250 கிராமுக்குக் குறைந்தாலும் அதை இயக்குபவர் பதிவு செய்யவேண்டும். வெளிநாட்டவர் முதலில் பறக்கவிடும் நாட்டில் பதியவேண்டும். உயரம் 120 மீற்றருக்கு மேல் கூடாது, கண்பார்வையை விட்டும் போகக்கூடாது. பாரிஸ் நகருக்குள் தனியார் பறக்கவிடுவது தடை. பின்னேரச் சாய்வெயிலில் கொத்தள மேட்டில் நடந்து எடுத்தால் மண்மேட்டின் மடிப்புகள் நிழலில் வடிவாகத் தெரியும், அதுவே போதும்.

குளிர்காலத்தில் பற்றரி பாதி நேரத்தில் இறங்கிவிடும். மேலதிகப் பற்றரியை உடம்போடு ஒட்டிய உள்ச்சட்டைப் பையில் வையுங்கள். வெளிக்குளிரிலிருந்து சூடான மண்டபத்துக்குள் போனால் லென்ஸ் பனிக்கும். நுழையமுன் பொலித்தீன் பைக்குள் கமெராவைக் கட்டி, உள்ளே அரை மணித்தியாலம் கழித்து அவிழ்த்தால் ஈரம் பைக்கு வெளியே படியும். பற்றரிகளும் பவர் பாங்கும் கைப்பையில்தான் போகவேண்டும், பெரிய பெட்டியில் போடக்கூடாது. 20,000 மில்லியம்பியர் மணி பவர் பாங் ஏறத்தாழ 74 வாற்று மணி; 100 வரை அனுமதி கேட்கத் தேவையில்லை. எங்கள் 13 அம்பியர் சதுரச் செருகி லண்டனில் அப்படியே பொருந்தும், கண்டத்து நாடுகளில் பொருந்தாது.

கடைசியாகத் தங்களிடம் இரண்டு விடயம். ஈபிள் கோபுரம் 1889 இல் எழுந்தது. பகல் படத்துக்கு யாரும் உரிமை கேட்கமாட்டார்கள். அதன் இரவு விளக்கமைப்புக்குப் பதிப்புரிமை உண்டு என்று கோபுரத்தை நடத்தும் நிறுவனம் சொல்கிறது. சொந்தப் பார்வைக்கு எடுக்கத் தடையில்லை, வியாபாரத்துக்கு வெளியிட அனுமதி கேட்கிறது. இத்தாலியிலும் அரசின் பண்பாட்டுச் சொத்துகளின் படத்தை வணிகத்துக்குப் பாவிக்க அனுமதியும் கட்டணமும் உண்டு. இங்கே கடைகளுக்கு நாட்காட்டி அடிப்போரும் படப்பிடிப்பு நிலையங்களில் பின்திரை அச்சிடுவோரும் இதைக் கவனிக்கவேண்டும். வாசகர் அனுப்பும் இரவுப் படத்தை வெளியிடும்போது தாங்களும் ஒருக்கால் யோசிக்கவேண்டும்.

மற்றது, படங்களுக்குக் கீழே "பாரிசில் எமது வாசகர்" என்று மட்டும் போடாமல், எடுத்த மாதம், மணி, நின்ற பக்கம் மூன்றையும் அனுப்புபவரிடம் கேட்டு ஒரு வரி சேர்த்துவிடுங்கள். "ஜூலை, பின்னேரம் 7.30, முன்றலின் மேற்கு மூலை" என்ற அளவு போதும். அடுத்த கிழமை விமானம் ஏறப்போகிறவர் அதை வெட்டிக் கடவுச்சீட்டுக்குள் வைத்துக்கொண்டு போவார்.

இப்படிக்கு,
படப்பிடிப்புப் பழக்குவோர் சிலர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.